வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி கேட்டவர் தன் வீட்டு எலக்ட்ரிக் கெட்டிலில் 230 வோல்ட், 6.5 ஆம்பியர் என்று அளந்திருக்கிறார். இதை வைத்து மின்தடையும் வாட்டும் எப்படி எடுப்பது, மற்ற பொருட்களில் மல்டிமீட்டர் காட்டும் ஓம் கணக்கோடு ஒத்துப்போகாதது ஏன் என்று கேட்கிறார். முதல் பாதிக்குப் பதில் ரொம்பச் சின்னது. வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட்.

மின்தடை = 230 ÷ 6.5 = 35.4 ஓம்
திறன் = 230 × 6.5 = 1495 வாட்

கெட்டிலின் அடியில் 1500 வாட் என்று அச்சடித்திருப்பார்கள், சரியாக வந்துவிட்டது. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக இந்தக் கெட்டில் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்த கேள்வி. வோல்டேஜைக் கரண்டால் வகுத்து வரும் மின்தடை மாறாமல் இருக்கும் என்று ஜெர்மனியின் கியார்க் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெப்பநிலை மாறக் கூடாது. கெட்டிலில் இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது. அதனால் பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அழுத்தி, மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே 35 வரும்.

பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது அதன் கரண்ட் 0.26 ஆம்பியர், வகுத்தால் 880 ஓமுக்குப் பக்கத்தில் வரும். அதையே கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் அறுபது, எழுபது ஓம்தான் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓட வேண்டாம். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் போகிறது, மின்தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இரண்டு எண்ணும் சரிதான், ஒன்று குளிர்ந்த பல்பு, இன்னொன்று எரிகிற பல்பு. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் கரண்ட் பல மடங்கு பாயும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆவதற்குக் காரணம் இதுதான்.

சோக் போட்ட பழைய டியூப் லைட்டில் பெருக்கலே ஏமாற்றும். கரண்ட் 0.43 ஆம்பியர் இருக்கும், 230-ஆல் பெருக்கினால் 99. ஆனால் அது உண்மையில் இழுப்பது ஐம்பது வாட்டுக்குப் பக்கம்தான். சோக் ஒரு காயில், அதில் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருகிறது. அந்த மாதிரிப் பொருளில் பவர் ஃபேக்டராலும் (பெருக்கி வந்ததில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும், அது இல்லாமல் வருவது வோல்ட் ஆம்பியர். வீட்டு ஈபி மீட்டர் கணக்கெடுப்பது வாட்டைத்தான்.

இனி நம்ம ஊர் நிலவரம். மே மாத இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெட்டிலின் மின்தடை அதே 35.4 தான். கரண்ட் 5.37 ஆகும், திறன் 1020 வாட் ஆகும். வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, திறன் குறைந்ததோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஏனென்றால் திறன் வோல்டேஜின் இருமடிப்படி போகிறது. தண்ணீர் கொதிக்க ஒன்றரை மடங்கு நேரம் ஆகும், வேறு கெடுதல் இல்லை. கீழே சம்ப் மோட்டாருக்கு இது தலைகீழ். அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டுமே, அதனால் லோ வோல்டேஜில் அது கரண்டைக் கூடுதலாக இழுக்கும், உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது வைண்டிங், சூடாகிக் கருகும். மோட்டாரில் வோல்டேஜைக் கரண்டால் வகுத்து வரும் எண்ணை வைண்டிங்கின் மின்தடை என்று எழுதாதீர்கள்.

அளக்கும்போது ஒரு விஷயம். வயரை வெட்டாமல் வெளியே கவ்வியே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை முழு வயரையும் சுற்றிப் போட்டால் பூஜ்யம் காட்டும், ஏனென்றால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு வயர் மட்டும் அதன் வாய்க்குள் இருக்க வேண்டும். அதற்காக கெட்டிலின் வயரைக் கிழிக்க வேண்டாம். வெளியுறை மட்டும் நீக்கி, உள்வயர்களின் உறை சேதப்படாமல் தனித்தனியாக இருக்கும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொண்டால் போதும். ஓம் அளப்பது எப்போதும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான்.

நீங்கள் அளந்த 6.5 ஆம்பியரையும் கவனியுங்கள். அடாப்டர் மாட்டி இதைச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுகிறவர்கள் நிறைய. உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து அந்த இணைப்பில் அரை ஓம் சேர்ந்தால் கூடப் போதும்: 6.5 × 6.5 × 0.5 = 21 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கெட்டில் ஓடி முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் சாக்கெட்டை மாற்றி 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குப் போய்விடுங்கள். அதோடு அதற்கு வரும் வயரும் அந்தக் கரண்டைத் தாங்கும் பருமனா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.