சத்துவாச்சாரியை எந்த அலமாரியில் தேடுவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வேலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சத்துவாச்சாரி, வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு அங்கே வீட்டுமனை, குடிநீர், கழிவுநீர் எல்லாம் எப்படி மாறின என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. எங்கள் வீடும் அங்கேதான்.

புத்தகம் தேடி ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். "வெளியாளுக்கு அனுமதி இல்லைம்மா" என்று வாசலிலேயே காவலர் அனுப்பிவிட்டார். இன்னொரு நூலகத்தில் உள்ளே விட்டார்கள். ஆனால் அங்கே நகரமைப்பு அலமாரியில் இருந்தது லண்டனும் சண்டிகரும்தான், வேலூரைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை. கணினியில் 'வேலூர்' என்று போட்டால் கோட்டையும் 1806 சிப்பாய்ப் புரட்சியும் வருகின்றன. என் வழிகாட்டியோ முந்தைய ஆய்வுகளைப் பற்றி இருபது பக்கமாவது எழுத வேண்டும் என்கிறார். நீங்கள் ஊர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். எங்கே தேடுவது? இந்தக் காலத்தில் நூலகத்துக்குப் போவதே வீண்தானா?

அன்புடன்,
க., சத்துவாச்சாரி

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வீண் இல்லை. நீங்கள் போன இரண்டாவது நூலகத்திலேயே உங்களுக்கு வேண்டியதில் கொஞ்சம் இருந்திருக்கும். நகரமைப்பு அலமாரிக்கு, அதாவது 711 என்ற எண்ணுக்கு, முன்னால் போய் நின்றதுதான் கோளாறு.

நம் கல்லூரி நூலகங்களில் பலவும், ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி முறையில்தான் புத்தகங்களை அடுக்குகின்றன. அதில் நகரமைப்புக்கு 711. கட்டடக் கலை 720இல் தொடங்குவதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வரும். நகரத்தை வரைபவர்களின் புத்தகங்கள்தான் அங்கே சேரும், சண்டிகர் இருப்பதில் ஆச்சரியமில்லை. உங்கள் தலைப்பு மனையும் தண்ணீரும் சாக்கடையும். குடிநீர், கழிவுநீர் எல்லாம் 628இல் பொறியாளர்களோடு இருக்கும். நிலம் 333இல், வீட்டுவசதி 363.5இல், நகரச் சமூகம் 307.76இல், உள்ளாட்சி நிர்வாகம் 352இல். ஒரே தெருவின் சங்கதி ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சிதறியது நூலகரின் குற்றமில்லை, டூயி முறையே அப்படித்தான்: துறை எதுவோ அதை வைத்துப் பிரிக்கும், ஊரை வைத்துப் பிரிக்காது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால் இந்த எண்களை நம்பிப் போகாதீர்கள். 1924இல் அங்கே நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், கோலன் பகுப்பு என்று தானே ஒரு முறையை உண்டாக்கியவர். அங்கே உள்ளே போனதும் கவுண்டரில் கேட்டுவிடுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோட்டை மட்டுமே வருகிறது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவிலின் லிங்கம் நெடுங்காலம் உங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது, 1981இல்தான் திரும்பிப் போனது. உங்கள் ஆய்வுக்கு இது உதவாது. ஆனாலும் ஊர்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, தேடலுக்கு வருவோம். 'வேலூர்' என்று தேடுவதால்தான் பாதி நழுவுகிறது. நம் மாவட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு என்ற பெயரில்தான் எழுதியிருக்கிறார்கள். நூலகப் பட்டியலிலும் அந்தப் பெயரில்தான் ஏறியிருக்கும். ஆங்கில எழுத்தில் 'நார்த் ஆர்காட்' என்று அடித்துப் பாருங்கள். எல்லைகளையும் கூடவே கவனிக்க வேண்டும். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது ஒரு துண்டு போனது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்து, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்கு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆக, 1881 வாக்கில் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஒரு புள்ளிவிவரம் கிடைத்தால், அது இன்றைய வேலூர் மாவட்டத்துக்கான எண் ஆகாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு 'வளர்ச்சி' என்று எழுதிய ஆய்வேடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன. நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டாம்.

மாவட்டத்துக்குச் சொன்னது நகரத்துக்கு இன்னும் பொருந்தும். 1866இல் நகராட்சியான வேலூர் 2008இல் மாநகராட்சியானது. 2011இல்தான் சத்துவாச்சாரி, தாராபடவேடு முதலிய உள்ளாட்சிகளை அதோடு இணைத்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலூர் எண்ணிக்கை, ஏறக்குறைய 1.86 லட்சம், இணைப்புக்கு முந்தைய எல்லைக்கானது. இணைந்த பிறகான எண் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. இது புரியாமல் இரண்டு எண்ணையும் பார்த்தால் ஏதோ ஒரே ராத்திரியில் ஊர் பெருத்துவிட்டது போலத் தோன்றும். உங்களுக்கு இது உண்மையில் அதிர்ஷ்டம். இணைப்புக்குச் சில மாதங்கள் முன்னால் எடுத்த கணக்கு என்பதால் சத்துவாச்சாரி அதில் தனி ஊராகவே வருகிறது. உங்கள் ஆய்வுக்கு 'முன்' என்ற நிலை அங்கே அச்சில் இருக்கிறது.

அதை எங்கே பார்ப்பது? மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு என்று ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு தொகுதி வரும். பல்கலைக்கழக நூலகங்களில் ரெபரன்ஸ் பகுதியில், பெரும்பாலும் கீழ்த்தட்டில், யாரும் தொடாமல் கிடக்கும். கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலும் பழைய தொகுதிகள் கிடைக்கின்றன. அதில் ஊர்களுக்கு ஒரு பட்டியல், நகரங்களுக்கு ஒரு பட்டியல். நகரப் பட்டியலில் வசதிகள் பற்றிய அட்டவணையை எடுங்கள். நகரத்துக்கு ஒரு வரி. சாலை நீளம், கழிவுநீர் முறை, கழிப்பறை வகை, குடிநீர் எங்கிருந்து, எவ்வளவு தேக்கம், எத்தனை மின் இணைப்பு என்று கட்டம் கட்டமாகப் போகும். பழைய தொகுதிகளின் கழிவுநீர்க் கட்டத்தில் 'ஓஎஸ்டி' என்று இருந்தால் திறந்த சாக்கடை, 'பிஎஸ்டி' என்றால் மூடிய சாக்கடை, 'எஸ்' மட்டும் இருந்தால் பாதாளச் சாக்கடை. 1981, 1991, 2001, 2011 நான்கையும் வரிசையாக வைத்து உங்கள் ஊரின் வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த ஆண்டு வரை ஊர்ப் பட்டியலில் இருந்தது, எப்போது நகரப் பட்டியலுக்கு ஏறியது என்பதே உங்கள் முதல் இயலுக்கு ஒரு நல்ல பத்தியாகிவிடும்.

'பின்' என்ற நிலைக்குத்தான் சிரமம். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2016 செப்டம்பரில் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது, அதற்காகத் தயாரித்த திட்ட முன்மொழிவில் ஊரின் நிலை விரிவாக இருக்கிறது. பணம் கேட்பதற்காக எழுதிய ஆவணம் என்பதை மறக்காமல் படியுங்கள். மனைப்பிரிவு அனுமதிகளுக்கு நகர் ஊரமைப்புத் துறை, வரி விதிப்புக்கு மாநகராட்சி. இவற்றை நூலகத்தில் தேடிப் பயனில்லை, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுதான் வழி. அதை இன்றைக்கே போடுங்கள், பதில் வர நாளாகும்.

முந்தைய ஆய்வுகள் இருபது பக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்டீர்கள். மேலைநாட்டு நகரக் கோட்பாடுகளைப் பத்துப் பக்கம் எழுதி ஒப்பேற்றிவிடும் வழக்கம் உண்டு. வேண்டாம். வட ஆற்காடு, ஆய்வாளர்கள் மொய்த்த மாவட்டம். எழுபதுகளில் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்தவர்கள் பசுமைப் புரட்சியைப் பற்றி இங்கேதான் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். எண்பதுகளில் அதே ஊர்களுக்கு இன்னொரு குழு திரும்பவும் வந்தது. உங்கள் தலைப்பு நகரமாயிற்றே என்பீர்கள். அவர்களில் ஒருவரான பார்பரா ஹாரிஸ்-ஒயிட் ஆரணியின் கடைத்தெருவையும் வியாபாரத்தையும் 1973 தொடங்கி பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்தவர். ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். இருக்கட்டும். ஒரு நடுத்தர ஊரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போய் அளப்பது எப்படி என்று அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த முறைதான்.

அடுத்தது யாரும் எதிர்பார்க்காத இடம், மருத்துவ இதழ்கள். சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை விடக் கூடாது. 2002 வாக்கில் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த குழந்தைகளைச் சேர்த்து, சில ஆண்டுகள் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு எப்படி வருகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்விலிருந்து வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. அவற்றில் முடிவுகளை விட்டுவிட்டு, 'ஆய்வுப் பகுதி', 'முறை' என்று இருக்கும் பகுதிகளைப் படியுங்கள். பீடி சுற்றும் குடும்பங்கள், ஒரு வீட்டில் எத்தனை பேர், குழாயில் எப்போது தண்ணீர், கழிப்பறை உண்டா என்று வேலூரின் பழைய தெருக்கள் அங்கே இருக்கின்றன. நகரமைப்புக்காரர்கள் இவ்வளவு நெருங்கிப் பார்த்து எழுதியதை நான் கண்டதில்லை. சத்துவாச்சாரி அதில் இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நகரம் கிடைக்கிறது. இந்தக் கட்டுரைகளில் பலவற்றை, மருத்துவக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பப்மெட் சென்ட்ரல் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

தண்ணீர் பற்றி எழுதும்போது தோல் தொழிற்சாலைகளைத் தாண்டிப் போக முடியாது. 1996இல் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். சட்டக் கல்லூரிக்காரர்கள் அதை மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகப் படிப்பார்கள். நீங்கள் அதில் வரும் விவரங்களுக்காகப் படியுங்கள். தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

ஆய்வேடுகள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்பிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. முதுகலை ஆய்வேடுகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், அவை அந்தந்தத் துறையின் நூலக அறையில் முடங்கியிருக்கும். வேலூரைப் பற்றியவை எந்த ஊரில் முடங்கியிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததே 2002இல்தான். அதற்கு முன்னால் நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே அதற்கு முந்தையவற்றுக்குச் சேப்பாக்கம், பிந்தையவற்றுக்குச் சேர்க்காடு. நகரமைப்பு மாணவர்கள் எழுதியவை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில். திட்டமிடல் படிப்பவர்கள் ஏதாவது ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கூட்டமாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். அப்படி வேலூருக்கு வந்த குழு உண்டா என்று அங்கே கேளுங்கள். இருந்தால் அந்த அறிக்கை உங்களுக்குப் பெரிய உதவி.

இப்போது அந்த வாசலுக்கு வருவோம். தனியார் பல்கலைக்கழகம் வெளியாளை விடாதது எரிச்சல்தான், அவர்கள் காசில் அவர்கள் மாணவருக்கு நடத்துகிறார்கள் என்று விட்டுவிடுங்கள். நீங்கள் படிப்பது அரசுக் கல்லூரி. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் தனியாருக்கு இல்லை. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதல்வரிடம் ஒரு மனு எழுதி, நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்களைத் திருப்பி அனுப்பிய நூலகத்துக்குள் போய் நீங்கள் படிக்க நினைத்த இதழ்களில் பல உங்கள் கல்லூரிக் கணினியிலேயே திறந்துவிடலாம்.

புத்தகங்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் நேரில்தான் போக வேண்டும். போவதற்கு முன் அந்த நூலகத்தின் பட்டியலை இணையத்தில் திறந்து, வேண்டியவற்றின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். துறைத்தலைவரிடம் நூலகர் பெயருக்கு ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்னார் எங்கள் மாணவி, இன்ன தலைப்பு, இத்தனை நாள் பார்வையிட மட்டும் அனுமதிக்க வேண்டும். 'பார்வையிட மட்டும்' என்பது முக்கியம், புத்தகம் எடுத்துப் போக வரவில்லை என்று தெரிந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும். கல்லூரி முத்திரை இல்லாத கடிதத்தைச் சீந்த மாட்டார்கள். அடையாள அட்டை நகல் இரண்டு, கட்டணம் கேட்டால் கொடுக்கச் சில்லறை. தேர்வு மாதங்களில் போகாதீர்கள், உட்கார இடம் இருக்காது. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் சேப்பாக்கத்தையும் கிண்டியையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று தோன்றும். முடியாது. நகல் எடுக்கும் இடத்தில் நிற்கவே அரை நாள் போய்விடும். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சென்னைக்கு முன்னால் அந்தக் கணக்கெடுப்புக் கையேடுகள். 1991இல் சத்துவாச்சாரி எந்தப் பட்டியலில் இருக்கிறது, கழிவுநீர்க் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்து என்ன தேடுவது என்பதை அதை வைத்துப் பேசலாம்.