ரிசீவரில் டோன் கேட்கிறது, மொடெம் மட்டும் 'நோ டயல்டோன்' என்கிறதே, ஏன்?

கோண்டாவில் வீட்டு லைன், உபுண்டு லினக்ஸ், வெளியே பூட்டின சீரியல் மொடெம் என்கிறீர்கள். அந்தச் செய்தியைச் சொல்வதே மொடெம்தான். ஆகவே லினக்ஸ் அதைக் கண்டுவிட்டது, டிரைவரைத் தோண்ட வேண்டாம்.

முதலில் வயர். சுவரிலிருந்து வருவது 'லைன்' துளையில் இருக்க வேண்டும், 'போன்' துளையில் அல்ல.

அது சரியென்றால் டோன்தான் சிக்கல். பல மொடெம்கள் அமெரிக்க டோனுக்கு அமைந்தவை. எங்கள் இலங்கை டோன் அவற்றுக்குப் பிடிபடாது. மொடெமை டயல் பண்ண வைக்கும் நிரலான டபிள்யூவிடயலின் கொன்ஃப் (அமைப்பு) கோப்பில் 'இனிட்3 = ஏடிஎக்ஸ்3' எனப் புதுவரி சேருங்கள்; இனிட் வரிகள் மொடெமுக்கான தொடக்கக் கட்டளைகள். மொடெம் டோனுக்குக் காத்திராமல் டயல் பண்ணும், எங்கேஜ் டோனை மட்டும் கவனிக்கும். இனிட்2 வரியின் வாலில் எக்ஸ்3ஐ ஒட்டாதீர்கள்: அங்குள்ள 'எஃப்கிளாஸ்=0' கட்டளைக்குப் பின் அரைப்புள்ளி இல்லாவிட்டால் சில மொடெம்கள் 'எரர்' என்று முறைக்கும்.

டோன் பிந்தி வரும் லைனென்றால் இனிட்3 வரியில் எக்ஸ்3க்குப் பின் 'எஸ்6=4' போடுங்கள்; 4 விநாடி பொறுத்தே டயல் பண்ணும்.