‘அடக்கமே தொள்ளாயிரம்’ என்று சொல்லலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன். பேரம் பேசுகிறவர்களிடம் “அடக்கமே தொள்ளாயிரம் வருது” என்று சொல்லாமல் வியாபாரம் முடிவதில்லை. பாக்கி கேட்டு மொத்த வியாபாரி போன் செய்தால், கணவர் பக்கத்தில் இருந்துகொண்டே “வெளியே போயிருக்கார்னு சொல்லு” என்கிறார். சபையில் திருவிருந்துக்குப் (நற்கருணைக்குப்) போகும்போது மனம் உறுத்துகிறது. இவையெல்லாம் பொய்தானா?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் பொய்தான், ஆனால் கல்லாவில் அமர்ந்து பேசுவதெல்லாம் பொய் என்று கலங்க வேண்டியதில்லை. ஆயிரத்து இருநூறு என்று சொல்லி ஆயிரத்துக்குக் கொடுப்பது, பேரம் நடக்கும் கடையில் இரு தரப்பும் அறிந்த வழக்கம். அறுநூறுக்கு வாங்கிய சேலையின் அடக்கம் தொள்ளாயிரம் என்பதோ, வாங்குகிறவர் சரிபார்க்கவே முடியாத ஒன்றை நம்பவைத்து அவரிடம் பணம் பெறுவதாகும். “கடைசி விலை” என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லிவிட்டு, அவர் படி இறங்கியதும் கூப்பிட்டு ஐம்பது ரூபாய் குறைத்தால், முன்பு சொன்னது என்னவாயிற்று?

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இதைவிடக் கண்டிப்பாக இருந்தார்கள். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்னும் மத்தேயு 5:37-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்கும் போன அவர்கள், கடையிலும் பேரத்துக்கு இடம் வைக்காமல் ஒரே விலை சொன்னார்கள். முதலில் வியாபாரம் படுத்தது. பிறகு, குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஜனங்கள் அவர்களைத் தேடி வந்ததாக அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். நீங்களும் ஒரே விலைக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

உண்மை பேசுவதென்றால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றும் பொருளில்லை. வேறொருவரை ராஜாவாக அபிஷேகம் செய்யப் போகும்போது சவுல் ராஜாவுக்குப் பயந்த சாமுவேல் தீர்க்கதரிசியிடம், பலியிட வந்திருப்பதாகச் சொல்லும்படி கர்த்தரே சொல்கிறார் (1 சாமுவேல் 16). அது உண்மை, ஆனால் முழுச் செய்தி அன்று. ஆகவே அடக்கம் கேட்டால், “கொள்முதல் கணக்கு நாங்க சொல்றதில்லம்மா, ஆயிரத்துக்கு எடுத்துக்கோங்க” என்று சொல்லலாம். ஆயினும், சாயம் போகும் துணியைப் பற்றி வாய் திறக்காமல் பில் போட்டுவிட்டு, ‘நான் பொய் சொல்லவில்லையே’ என்று இருக்க முடியாது. அவர் உங்களை நம்பித்தான் வாங்குகிறார்.

எரிகோவில் இஸ்ரவேலின் ஒற்றரை ஒளித்துவைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்று சொன்ன ராகாப் பொய் சொல்லவில்லையா என்று உடனே கேட்பவர்கள் உண்டு. ஒற்றரைக் காப்பாற்றச் சொன்னதானாலும் பொய் பொய்தான், தேவன் கனப்படுத்தியது அவளுடைய இரக்கத்தை என்று ஆதிச் சபையின் போதகரான அகஸ்டின் வாதிட்டார். உயிர் காக்கச் சொல்லும் சொல்லை அப்படி எண்ணக் கூடாது என்பாரும் சபையில் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், சேலை வியாபாரத்துக்கு ராகாபைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

பழக்கத்தை மாற்றுவதற்கு, உண்மையான வாக்கியத்தை முன்கூட்டியே வாயில் பழக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பொய்கள் தீய எண்ணத்தால் அல்ல, அந்த நொடியில் வேறு சொல் வராததால் வருகின்றன. தவறிப் பழைய சொல் வந்துவிட்டால், “தப்பாச் சொல்லிட்டேன், அடக்கம் அவ்வளவு இல்லை” என்று அவர் முன்னாலேயே திருத்துங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு நாக்கு தானாக நிதானிக்கும். விற்பனைப் பெண்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர்கள் ஒப்பிக்கிறார்கள்.

போன் விஷயம் இதைவிடக் கடினமானது, ஏனெனில் அதில் கடன் இருக்கிறது, கணவருடைய வெட்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் முன்பாக அவரோடு வாதாடாமல், கடை சாத்திய பிறகு கணக்கு நோட்டைத் திறந்துவைத்துப் பேசுங்கள். மொத்த வியாபாரிக்கு வேண்டியது உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் அல்ல, ஒரு தேதி. “வெள்ளிக்கிழமை பாதி அனுப்புறோம், மீதிக்கு மாசக் கடைசி வரை தவணை வேணும்” என்று கணவரே சொல்லட்டும். முடியாத தேதியைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அவர் இதற்கு இணங்காவிட்டால், அடுத்த முறை மணி அடிக்கும்போது ஒன்றும் சொல்லாமல் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.