ஆசிரியராகும் விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது? – கேள்வி பதில்

ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு நெடுங்காலமாகப் பாடம் நடத்திவருபவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பள்ளி இறுதியாண்டு மாணவி. எங்கள் கணித ஆசிரியையைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. ஒருவரைப் பார்த்து வரும் ஆசை நிலைக்குமா?

நிலைக்கும். ஆனால் நீங்கள் இதுவரை பார்த்தது இந்த வேலையின் பாதியை மட்டுமே. வேறு எந்தத் தொழிலையும் ஓர் இளைஞர் இவ்வளவு அருகிலிருந்து இவ்வளவு காலம் பார்ப்பதில்லை. பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரத்தை ஆசிரியர்களின் முன்னிலையில் கழித்திருப்பார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதினார். அந்த அனுபவம் விருப்பத்தைத் தூண்டுகிறது என்பதோடு, ஆசிரியரின் செயலை மட்டுமே காட்டி அதன் பின்னுள்ள யோசனையை மறைத்தும் விடுகிறது என்பதே அவருடைய முக்கியமான கருத்து. எந்தக் கணக்கை முதலில் எழுதுவது, யாரிடம் கேள்வி கேட்பது, எப்போது பேசாமல் காத்திருப்பது என்ற முடிவுகள் மாணவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் ஆசிரியையிடமே சென்று, குறிப்பிட்ட ஒரு பாடத்தை அவர் ஏன் அப்படித் தொடங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணங்கள் உங்களுக்குச் சுவையாக இருந்தால், உங்கள் ஆசை அவர்மீதுள்ள அன்பையும் கடந்து வேலையின் மீதே வேர்பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: என்னை அவமானப்படுத்திய ஓர் ஆசிரியரைப் போல இல்லாமல், நல்ல ஆசிரியராக இருந்து காட்ட விரும்புகிறேன். கோபம் ஒரு நல்ல காரணமா?

நேர்மையான காரணம்தான், உங்களைப் போல வந்து சிறந்த ஆசிரியர்களானவர்கள் உண்டு. எனினும் எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டுமே கோபம் சொல்லித்தரும். என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு ஆசிரியர்களிடம்தான் கற்க வேண்டும்.

கேள்வி: நிலையான வருமானமும் விடுமுறையும் என்னை ஈர்க்கின்றன. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சேவை மனப்பான்மை இல்லாதவர் இந்தப் பணிக்கு வரலாமா?

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களாகக் குழந்தைகளின் எதிர்காலத்தை உருவாக்கும் விருப்பம், தம்மால் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கை ஆகியவற்றோடு, பணிப் பாதுகாப்பும் குடும்பத்துக்கு நேரம் கிடைப்பதும்கூட இடம்பெறுகின்றன. ஒரே மனிதரிடம் இவை பலவும் கலந்தே இருக்கும். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி பல நாடுகளில் 2018இல் நடத்திய கணக்கெடுப்பில், குழந்தைகளின் வளர்ச்சியில் பங்காற்றும் வாய்ப்பு தமக்கு முக்கியமாக இருந்ததாகப் பத்தில் ஒன்பது ஆசிரியர்கள் கூறினர். ஆனால் ஆசிரியப் பணியே தமது முதல் தேர்வாக இருந்தது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தாம்.

பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஹெலன் கெல்லரிடம் 1887இல் ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது ஆன் சல்லிவனுக்கு வயது 20. பார்வைக் குறைபாட்டோடு வறுமையில் வளர்ந்து, முந்தைய ஆண்டுதான் பள்ளிப்படிப்பை முடித்திருந்த அவருக்கு ஒரு பிழைப்பு தேவையாக இருந்தது. அந்தத் தேவையோடு வந்தவர்தான், பார்வையும் செவித்திறனும் இல்லாத ஒரு சிறுமியின் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாகச் சொற்களை உணர்த்தி, அவளுக்கு மொழியின் வாயிலைத் திறந்தார். வரும்போது இருந்த காரணத்தைவிட, வந்தபின் வளரும் காரணமே பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வருமானத்தை மட்டுமே எண்ணி வந்து, குழந்தைகளின் அருகில் இருப்பதையே பாரமாக உணர்பவர்களுக்குத்தான் இந்தப் பணி துன்பமாகிறது. அவர்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய துன்பம்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். சித்தப்பா மகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் புரிந்த கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறக்க முடியவில்லை. இதை நம்பித் தொழிலை மாற்றலாமா?

நான் அறிந்த தூண்டுதல்களில் வலிமையானது இதுதான். பாராட்டும் மதிப்பும் வெளியிலிருந்து வருபவை. சில ஆண்டுகள் வராமலும் போகலாம். ஒருவருக்குப் புரியவைப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியோ வேலைக்குள்ளேயே இருக்கிறது. எனினும் புரிந்த கணத்தைவிட, அதற்கு முன்பு அவள் தவறாகச் சொன்ன கணத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை நினைவுகூர்ந்து பாருங்கள். நான்கைவிட எட்டு பெரிது என்பதால் கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கே பெரிது என்று பிள்ளைகள் பலர் நினைப்பார்கள். அது கவனக்குறைவால் வந்த தவறு அன்று. முழு எண்களைப் பற்றிச் சரியாகக் கற்ற விதியைப் பின்னத்துக்கும் நீட்டியதால் வந்த தவறு. இப்படி ஒரு தவறைக் கேட்கும்போது எரிச்சல் வராமல், இந்தப் பிள்ளை எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று அறியும் ஆவல் உங்களுக்கு எழுமானால், நீங்கள் தயங்காமல் வரலாம். முதலில் படிப்பை முடியுங்கள். அதுவரை, உறவினர் அல்லாத, உங்களைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லாத சில பிள்ளைகளுக்கு ஓராண்டேனும் தொடர்ந்து சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: நன்றாகப் படிக்கும் என் மகன் ஆசிரியராக விரும்புகிறான். "இவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு இதற்கா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

உறவினர்களுக்குப் பதில் சொல்வதைவிட, மகன் சொல்லும் காரணத்தைப் பொறுமையாகக் கேட்பதே முக்கியம். நன்றாகப் படிப்பவர்கள் வகுப்பறைக்கு வரக் கூடாது என்று எண்ணினால், நம் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பார்கள்? உலகில் 2030ஆம் ஆண்டுக்குள் தொடக்க, இடைநிலைக் கல்விக்கு மட்டும் மேலும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ மதிப்பிட்டுள்ளது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பணியை விட்டுச் செல்வோரின் இடங்கள். ஆகவே, ஊதியம், வேலைப்பளு ஆகியவற்றைப் பற்றி அவன் முன்பே அறிந்துகொள்ளட்டும்; பணியில் சில ஆண்டுகள் கழித்த ஓர் இளம் ஆசிரியரோடு அவனைப் பேசவையுங்கள்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். மேடைப் பேச்சு வராது. நான் ஆசிரியராக முடியுமா?

முடியும். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்களே வகுப்பறைக்கு அதிகம் தேவை. குரலைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். மாணவர்களிடம் இந்த விருப்பத்தை எப்படி வளர்ப்பது?

சொற்பொழிவுகளால் வளர்க்க முடியாது, ஐயா. மேல்வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கற்பிக்க இடம் கொடுங்கள். முதல் மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பாடத்தில் தடுமாறித் தேறியவருக்கு, எங்கே தடுமாற்றம் வரும் என்பது நன்றாகத் தெரியும். வகுப்பு முடிந்ததும் அவர்களோடு பத்து நிமிடம் அமர்ந்து, எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றிச் செய்யலாம் என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை வேறு வேலைக்காகக் கைவிட வேண்டாம்.