பதில்: மட்டக்குதிரையின் முதுகுப் புண் ஆறவே மாட்டேன் என்கிறது

காப்பி மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைக்கு முதுகில் வந்த புண் ஏன் ஆறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பொதி ஏற்றுவதை நிறுத்துங்கள். புண் மூடி, மேலே முடி முளைக்கும் வரை அந்த முதுகில் எதுவும் ஏறக்கூடாது. மஞ்சள் பூசியும் பிடரி மேட்டில், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில், திரும்பத் திரும்ப உடைகிறது என்கிறீர்கள். தினமும் அதே இடத்தில் சேணம் அழுத்தினால் எந்த மருந்தும் பிடிக்காது.

காரணம் பெரும்பாலும் சேண மெத்தைதான். மெத்தையைக் கவிழ்த்து, சீழ்க்கறை படிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வைக்கோல் நைந்து அடியில் மரச்சட்டம் தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம். புதிதாகத் திணிக்கும்போது முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தனித்தனித் திண்டாக வைத்து, நடுவில் கை நுழையும் இடைவெளி விடுங்கள். பெரியூர் பக்கம் சிலர் புண்ணுக்கு நேராக மெத்தையில் ஓட்டை வெட்டுவார்கள். வேண்டாம், ஓட்டையின் விளிம்பு புதுப் புண் போடும்.

எடையையும் பாருங்கள். பொதி, வண்டி விலங்குகளின் வதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிப்படி மட்டக்குதிரைக்கு அதிகபட்சம் 70 கிலோதான். ஐம்பது கிலோ காப்பி மூட்டை பக்கத்துக்கு ஒன்று என்றால் அது ரொம்ப அதிகம். கொடைக்கானல் மலை இறக்கத்தில் அந்தப் பாரம் முன்னால் சரிந்து நேராகப் பிடரி மேட்டில்தான் உட்காரும். பாவம், வாயில்லாத ஜீவன், வலியைச் சொல்லவும் முடியாது.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் தினமும் கழுவுங்கள். பழைய எஞ்சின் ஆயில் தடவவே கூடாது.

ஒன்று மட்டும்: நாற்றம், புழு, ஆழமான துளை, காய்ச்சல் இருந்தால் இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும், தடுப்பூசி போட்டதா என்று மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்.