விதை ராகியும் பூசணமும்: கேள்வி பதில்

விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராகி, சோளம், கம்பு, சாமை விதைகளில் வரும் பூசண நோய் பற்றிக் கேளுங்கள். தக்காளி விலை எனக்குத் தெரியாது.

பென்னாகரம்: ஐயா, ராகிக் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்குகிறது. அந்த மணியை விதைக்கு வைக்கலாமா?

வேண்டாம். இது குலை நோய். கழுத்தில் பூசணம் ஏறிவிட்டால் மணிக்குச் சத்து போகாது. பால் பிடிக்கும் முன்னே வந்தால் மொத்தமும் பதர். அது பரவாயில்லை, தூற்றினால் பறந்துவிடும். ஆபத்து அரைகுறையாய்ப் பிடித்த மணியில்தான். முறத்தில் தப்பி, பூசணத்தையும் சுமந்துகொண்டு நாற்றங்காலுக்கு வந்துவிடும். முளைத்தாலும் நாற்று வலுவாக இருக்காது. கொஞ்ச நாளில் இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். அதனால் விதையைக் களத்தில் தேடாதீர்கள், நிற்கும் பயிரிலேயே தேடுங்கள். அறுப்புக்கு முன் வயலில் நடந்து, சுத்தமான கதிர்களைத் தனியாகக் கொய்து, தனியாக அடியுங்கள். விதைக்கும்போது கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூசணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா), இல்லையென்றால் 2 கிராம் கார்பன்டசிம் (பூசண மருந்து) கலக்கலாம். மருந்து கலந்த விதை மிஞ்சினால் கோழிக்குப் போடாதீர்கள்.

தேன்கனிக்கோட்டை: ஜிபியு 28 ராகி ரகம் போட்டால் குலை நோய் வராதா?

நன்றாகத் தாங்கும். வரவே வராது என்று எழுதித் தரமாட்டேன்.

அரூர்: சோளம் முற்றும் நேரத்தில் மழை. மணியெல்லாம் கறுப்பும் ரோஸுமாக இருக்கிறது.

கதிர்ப் பூசணம். ரோஸ் நிறம் பெரும்பாலும் பியூசேரியம் என்ற பூசணம், கறுப்பு கர்வுலேரியா என்ற பூசணம். முளைப்புத் திறன் அடிவாங்கியிருக்கும், விதைக்கு ஆகாது. பியூசேரியத்தில் நஞ்சும் உண்டு, கோழிக்கும் வேண்டாம். அடுத்த முறை மணியின் அடியில் கறுப்புப் புள்ளி விழுந்ததும் அறுத்துக் காயவையுங்கள். அதற்குப் பிறகு மணி பருக்காது, மழையில் நனையத்தான் செய்யும்.

ஊத்தங்கரை: கம்பில் தேன் மாதிரி ஒழுகுகிறது.

தேன்ஒழுகல் நோய், இதுவும் பூசணம்தான். விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பு கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பது பூசணம் பிடித்தது, அதை எடுத்து அழித்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்துங்கள். மிதந்தது மாட்டுக்கும் விஷம்.

சூளகிரி: குலை நோய் வந்த கதிரில் நல்ல மணியாகப் பொறுக்கினால்?

முதல் பதில்.

காரிமங்கலம்: குலை நோய் கதிர்தான், மருந்து கலந்தால் சரியாகிவிடும்தானே?

செத்த மணிக்கு மருந்து எதற்கு? முதல் பதில்.

அஞ்செட்டி: எங்கள் தாத்தா குழியில் ராகி கொட்டிப் பல வருஷம் வைத்திருந்தார். பூசணமும் இல்லை, வண்டும் இல்லை. நீங்கள் மருந்துக் கடைக்காரருக்குப் பேசுகிறீர்கள்.

கடைக்காரர் எனக்கு டீகூட வாங்கித் தந்ததில்லை. குழி நல்ல ஏற்பாடுதான். மூடிய குழியில் காற்று தீர்ந்துபோகும், பூச்சி சாகும். திறந்தவுடன் ஆளை இறக்காததும் அதனால்தான். ஆனால் தாத்தா வைத்தது களிக்கு. களிக்கு ஆகும் ராகியெல்லாம் முளைக்காது.

அஞ்செட்டி: முளைத்தது. நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனைக்கு எத்தனை? 100 மணி எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி, எட்டாம் நாள் பிரித்து எண்ணுங்கள். சான்று விதைக்கு 75 முளைக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தளி: அண்ணன் சொல்வது சரிதான். எங்கள் குழியிலும் நன்றாக இருந்தது. சுவரோரம் மட்டும் கட்டிகட்டியாக வரும், மாட்டுக்குப் போட்டுவிடுவோம்.

அந்தக் கட்டிதான் பூசணம்! மண் ஈரம் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. மாட்டுக்குப் போடாதீர்கள்.

அஞ்செட்டி: 100 எண்ணிவிட்டேன். 61.

நேர்மையாகச் சொன்னீர்களே, நன்றி. அதைக் களி கிண்டுங்கள், விதைக்கு வேறு பாருங்கள்.

பாலக்கோடு: ஐயா, தக்காளி இன்னும் ஏறுமா?

முதல் பத்தியைப் படியுங்கள் தம்பி.