கூடலும் ரீயூனியனும்

கேள்வி: பள்ளி நண்பர்கள் முப்பது வருடம் கழித்துச் சந்திக்கிறோம். பேனரில் ‘ரீயூனியன்’ என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது?

‘முன்னாள் மாணவர் சந்திப்பு’ என்றாலே எல்லோருக்கும் புரியும். இலங்கைத் தமிழர் ‘ஒன்றுகூடல்’ என்பார்கள். என் ஓட்டு அதற்குத்தான். ‘மறு ஒருங்கிணைவு’ மட்டும் வேண்டாம், பிளந்த கட்சிகள் சேர்வதுபோல் இருக்கும்.

கேள்வி: ‘மீளிணைவு’ சரியா, ‘மீள்ளிணைவு’ சரியா?

முதலாவதுதான். தனிக்குறிலை அடுத்த மெய்தான் உயிர் வந்தால் இரட்டிக்கும் (கள் + ஐ = கள்ளை). ‘மீ’ நெடில்.

கேள்வி: ரீயூனியன் என்ற தீவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? யார் யாரோடு சேர்ந்தார்கள்?

நல்ல கேள்வி. இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அது அரச வம்சத்தின் பெயர். புரட்சி வந்து அரசர் போனதும் 1793இல் பெயரை மாற்றினார்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் அரண்மனையைத் தாக்க மார்செய் நகரப் புரட்சியாளர்களும் தேசியக் காவல் படையினரும் ஒன்றுசேர்ந்ததன் நினைவு என்பது வழக்கமான விளக்கம். அப்புறம் நெப்போலியன் காலத்தில் ‘போனபார்ட்’, மறுபடி ‘பூர்போன்’, 1848இல் திரும்பவும் ‘ரீயூனியன்’. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள்.

‘ஊனுஸ்’ என்றால் லத்தீனில் ஒன்று. ‘ரீ’ என்றால் மீண்டும். ஆனால் பிரெஞ்சில் அந்த ‘மீண்டும்’ தேய்ந்துவிட்டது. சாதாரண ஆபீஸ் மீட்டிங்கும் அங்கே ‘ரெயூனியோன்’தான்!

கேள்வி: பிரிந்தவர் சேர்வதற்குப் பழந்தமிழில் தனிச் சொல் உண்டா?

‘கூடல்’ இருக்கிறதே. ஊடிப் பிரிந்தவர் சேர்வது கூடல். ‘மறு’ ஒட்டத் தேவையே இல்லை. திருக்குறளின் கடைசி அதிகாரமான ஊடலுவகை முடிவது இந்தக் கூடலில்தான். ‘கூடல் இழைத்தல்’ என்று ஒரு வழக்கமும் இருந்தது. பிரிந்திருக்கும் பெண் கண்ணை மூடி மணலில் வட்டம் வரைவாள். முனைகள் இணைந்தால் தலைவன் வந்து சேர்வான் என்று நம்பிக்கை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் இதை வைத்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார். கண்ணை மூடி வட்டத்தை முடிப்பது லேசில்லை, வரைந்து பாருங்கள்.

மதுரைக்கும் கூடல் என்று பெயர் உண்டு. அதற்குக் காரணம் காதல் இல்லை, மழை: நான்கு மேகங்கள் மாடங்களாகக் கூடி நகரைக் காத்தன என்கிறது திருவிளையாடல் கதை.